வளைவுகள் மேல் போட்ட பழி

12, செவ்வாய். விடாத தூறல். கரண்ட் மூன்று முறை போனது.

எடிட்டிங் வேகமாக ஓடட்டும் என்று போன வாரம் சேலத்தில் கம்ப்யூட்டர் மதர்போர்டின் இரண்டாவது ஸ்லாட்டில் புது எஸ்.எஸ்.டி. கார்டு போட்டு வந்தேன். வேகம் வந்தது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் திரையில் தெரியவே இல்லை. நான் எடுத்த மாணிக்கம் அண்ணன் மகள் கல்யாணப் படம் மொத்தமும் அதில்தான். கேமரா மெமரி கார்டை அடுத்த வேலைக்கு அழித்தாயிற்று. வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை. என்னைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

கடைக்காரர் போனில்: "மலைரோட்டு எழுபது வளைவு குலுக்குன குலுக்குல ஏதாச்சும் லூஸ் ஆயிருக்கும். பொட்டியக் கொண்டாங்க்கா."

13, புதன். சோளக்காடு ஊரிலிருந்து முதல் பஸ். கம்ப்யூட்டர் பெட்டி போர்வைக்குள், மடியில். கண்டக்டர்: "ஏனுங்க, கொழந்தைக்கு காய்ச்சலுங்களா?" போர்வையை இன்னும் இழுத்து மூடினேன்.

டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். வளைவில் அடிபடும் என்று எப்போதும் அப்படித்தான். கடைக்காரர் தன்னிடம் இருந்த டிஸ்க் ஒன்றை ஏதோ ஒரு போர்ட்டில் மாட்டினார், எல்லாம் ஓடியது. வீட்டுக்கு வந்து என் டிஸ்க்கை வழக்கமான ஐந்தாவது போர்ட்டில் மாட்டினேன். இல்லை. அப்படியானால் டிஸ்க்தான் போய்விட்டது. சோறு இறங்கவில்லை.

14, வியாழன். மழை. மாணிக்கம் அண்ணன் ஆலத்தூர் நாட்டு மலைக்கிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்தார்.

"படம் ஆச்சுங்களா அம்மணி?"

சொல்லிவிட்டேன். அழுகை வேறு. பழத்தின் ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அழுவாத சாமி. டிஸ்க்குதான போச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காங்கல்ல."

பழத்தை வைத்துவிட்டுப் போனார். அதை அறுக்க மனசு வரவில்லை.

15, வெள்ளி. மேசை ஆடியது. காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தது என்ன என்று பார்த்தால், மதர்போர்டு புத்தகம்! இரண்டு வருஷமாக அங்கேதான். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில்: இரண்டாவது ஸ்லாட்டில் கார்டு இருந்தால் ஐந்து, ஆறாம் போர்ட்டுகள் வேலை செய்யாது.

கார்டுக்கும் அந்தப் போர்ட்டுகளுக்கும் ஒரே பாதையாம். வளைவில் லாரி ஏறினால் பஸ் ஒதுங்கி நிற்கிற மாதிரி. இதைக் கொட்டை எழுத்தில் போட்டால் குறைந்தா போவார்கள்?

கேபிளை முதல் போர்ட்டுக்கு மாற்றினேன். டிஸ்க் வந்தது. கல்யாணமும் வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனுக்குப் போன் போட்டேன், பத்து முறை. அங்கே டவர் இல்லை. பாவம் அந்த வளைவுகள்.

16, சனி. வெயில். பல் விளக்கும்போதே வாசலில் ஜீப். மாணிக்கம் அண்ணன், பட்டுப்புடவையில் மகள், மாலையோடு மாப்பிள்ளை, பின்னால் மேளக்காரர். அண்ணன்தான் பேசினார்:

"தாலி மட்டும் மறுக்கா கட்ட முடியாதுங்க. மத்ததெல்லாம் செய்யறோம், எடுங்க."

டிஸ்க் கிடைத்துவிட்டது என்றேன். மேளக்காரர் மேளத்தைக் கீழே இறக்கினார். கட்டிய மாலையும் வந்த தூரமும் வீண்.

அந்தப் பெண்தான்: "அன்னிக்கி பயத்துல நான் தலையே நிமிரலீங்க்கா. இன்னிக்கும் எடுங்க."

எடுத்தேன். பல் தெரியச் சிரித்தாள், கடைசிவரை.

இரண்டு படத்துக்கும் மூன்று மூன்று காப்பி எடுத்து வைத்தாயிற்று. மெமரி கார்டை அழிக்கவில்லை. பலாப்பழம் அறுத்தோம்.