நீ உட்காராத நாற்காலி

பிரம்பு பின்னக் கொடுத்திருந்த நாற்காலி இன்று காலை கடைக்குத் திரும்பி வந்தது. புது வார்னிஷ் வாடை கல்லாப் பக்கமெல்லாம் அடிக்கிறது. "அண்ணாச்சி, இத எங்க போட?" என்று கேட்டார் மேனேஜர். கேள்வியைப் பார்! வழக்கமான இடத்தில்தான். உனக்காக வாங்கிப் போட்டது. நீ ஒரு நாள்கூட உட்காராதது.

வடபழனியில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நாம். நீ மயிலாப்பூரில் பேங்க் வேலைக்குப் போனாய், நான் தி.நகரில் துணிக்கடை போட்டேன். கடை மாடிமேல் மாடியாக வளர்ந்த பிறகும் சனிக்கிழமை தோறும் வருவாய். காபி வாங்கிக்கொள்வாய், ஊர்க்கதை பேசுவாய், எல்லாம் நின்றபடியே. "உக்காருலே" என்றால், நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப் போடும் பெண்கள் பக்கம் பார்ப்பாய். "அந்தப் பிள்ளைய உக்காரச் சொல்லு, நானும் உக்காருதேன்."

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். போகப் போக எரிச்சலாக வந்தது. என் காபியைக் குடித்துக்கொண்டு என் கடையிலேயே என்னைக் குத்திக் காட்டுகிறானே! எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் யாராவது முதலாளிகளைக் குறை சொன்ன பேச்சு வந்தால், காய்க்கிற மரம்தான் கல்லடி படும் என்று சிரித்துக் கலைவோம். உன்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு தீபாவளி நெரிசலில் பொங்கிவிட்டேன். நீ ஒரு பெண்ணைக் காட்டி, "கால மாத்தி மாத்தி நிக்கா பாரு" என்றாய். வாடிக்கையாளர்கள் காதில் விழக் கத்தினேன்: "மாசச் சம்பளக்காரனுக்கு யாவாரத்தப் பத்தி என்னலே தெரியும்? பொறாமை உனக்கு!"

நீ கோபப்படவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "பொறாமை இல்லன்னு யாரு சொன்னா? உன் கார்ல ஏறும்போதெல்லாம் வருது. ஆனா இந்த நாற்காலிய நீ வாராவாரம் குடுக்கே. எனக்கு வேணும்னா உக்காந்திருக்க மாட்டனா?" டம்ளரை வைத்துவிட்டுப் போனாய். அடுத்த சனிக்கிழமை ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றாய்.

பிறகு சட்டமே வந்தது, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று. ஸ்டூல்கள் வாங்கினேன். அவற்றின் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கினோம். "சேலைக்காவது கால்வலி தீந்துச்சே" என்று சிரித்தாய். கடைசி வரை நின்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகு இதை மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தேன். முதலாளிகளைத் திட்டுகிற எல்லோரும் உன்னைப்போல என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் வயிற்றெரிச்சல்காரன் சொன்னான் என்பதற்காக ஒருத்தியின் கால்வலி பொய்யாகிவிடுமா? சொன்னவன் மனசை நோண்டிக்கொண்டிருந்தால் சொன்ன விஷயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஸ்டூல் மேலிருந்த கட்டுகளை இறக்கச் சொன்னேன். ஆனாலும் என் தலையைக் கண்டால் பெண்கள் விருட்டென்று எழுந்துவிடுகிறார்கள். இன்று உன் நாற்காலியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எழவில்லை. பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "வாங்கண்ணாச்சி" என்றாள். சுர்ரென்று கோபம் வந்தது. உன்னிடம் பொய் சொல்வானேன். இறங்கி வந்து உன் நாற்காலி முன்னால் நின்றேன்.

ஏலே, அந்தப் பிள்ள உக்காந்துட்டா. நானும் உக்காருதேன்னு சொன்னியே.