நூலளவு தள்ளி

ஏ பிடிவாதக்காரி,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். உடனே கிழித்துப் போடாதே.

ஸ்கேன் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அந்த அறை ஞாபகமிருக்கிறதா? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. ஸ்கேன் படங்களில் அதில் வந்த கட்டிகளைச் சுற்றி மவுஸால் கோடு போடுவோம். சாதுவான கட்டி எது, பொல்லாதது எது என்று கம்ப்யூட்டர் நம் கோடுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. இரண்டாயிரம் படம்! சக்கரம் ஆடாத அந்த ஒரே நாற்காலிக்காகத் தினமும் சண்டை வேறு.

நீ மட்டும் எப்போதும் நூலளவு தள்ளியே வரைவாய். "கட்டிக்கு காம்பவுண்டு சுவரா கட்டறே?" என்று கத்துவேன். "அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்டி" என்பாய். கடைசியில் உனக்குத் தெரியாமல் உன் கோடுகளைத் திருத்த ஆரம்பித்தேன். பாதியில் நீ பார்த்துவிட்டாய். அன்றோடு பேச்சை நிறுத்தினாய். நியாயம்தான்.

நேற்று ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் தானே கோடு போட்டது, நூலளவு தள்ளி. அச்சு அசல் உன் கை. வழக்கம்போலத் திருத்த மவுஸைப் பிடித்தேன். அப்போதுதான் படத்தின் மூலையில், நோயாளி பெயர் இருக்கும் இடத்தில், என் பெயரைப் பார்த்தேன்.

கோட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

எந்த வகை என்று அது சொன்னதை எழுத மனமில்லை. புதன்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

படத்தைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் கோடுகளை அழித்தவள்