யாருக்கு மாத்திரை

மார்ச் 3
மாமியார் கோழிகளுக்குச் சோளம் போடப் போன நேரம் பார்த்து மாத்திரையை விழுங்கினேன். இரண்டாவது வாரம். "தென்னாப்பிரிக்காவுல இந்தப் பக்கம் எச்.ஐ.வி. புதுசா வர்றது அதிகமா உன் வயசுப் பொண்ணுங்களுக்குத்தான், தோலா. வராம இருக்கத்தான் தினம் ஒண்ணு" என்று சொல்லித்தான் நர்ஸ் டப்பாவைக் கொடுத்தார்.

என் புருஷன் ஜபுலானிக்கு ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் வேலை. மாதக் கடைசியில்தான் வருவான். மற்ற நாட்களில் யாரோடு இருக்கிறான்? அப்பாவுக்குப் பரிசமாக மாடு ஓட்டிவிட்டு எடுத்த மருமகள் அதைக் கேட்கக் கூடாது.

மார்ச் 28
துணி மடிக்கும்போது டப்பா உருண்டு மாமியார் காலடியில் விழுந்தது. "சீக்காளியையா என் மகன் தலையில கட்டிட்டாங்க? உங்கப்பன் பட்டியில இருந்து மாட்டைத் திருப்பி ஓட்டிட்டு வர்றேன்!" தடுப்பு மாத்திரை என்றேன். "சீக்கு இல்லாதவ எவ மாத்திரை திம்பா?"

மார்ச் 30
ஜபுலானி வந்தான். நோய் இல்லை என்ற என் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். வாங்கி அம்மாவிடம் நீட்டினான். "பாரும்மா, எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல." நீயும் இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள் என்றேன். சிரித்தான். "ஒரே படுக்கையில படுக்கிறோம். உனக்கு இல்லன்னா எனக்கு எப்படிடீ இருக்கும்?"

உண்மையாகவே நம்புகிறான். அதுதான் எரிகிறது.

ஏப்ரல் 2
மாமியாரின் ஏச்சு ஓயவில்லை; மாத்திரைகளைக் கழிப்பறைக் குழியில் கொட்டினேன். வீடு அமைதியாகிவிட்டது.

செப்டம்பர் 17
பிள்ளை உண்டாகியிருப்பதால் இரத்தம் எடுத்தார்கள். இருக்கிறது. ஐயோ, எனக்கு வந்துருச்சு. "குழந்தைக்கு வராமப் பாத்துக்கலாம், தினம் ஒண்ணு, விட்டுடாதே" என்றார் நர்ஸ். அன்றும் தினம் ஒன்றுதானே?

செப்டம்பர் 30
மாமியார்: "அன்னிக்கே சொன்னேன்ல!"
ஜபுலானி இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. "உனக்குத்தானே வந்திருக்கு, நீ சாப்பிடு." அன்னிக்கு என் சீட்டு உன் சீட்டா இருந்துச்சேடா, இன்னிக்கு மட்டும் எப்படி என்னுதாச்சு? — வாய்விட்டுக் கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

நவம்பர் 8
குழாயடியில் ஜபுலானியின் தங்கை லிண்டிவே ஒட்டி நின்றாள். இருபது வயது. "அண்ணி, அந்தத் தடுப்பு மாத்திரை... என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்."

நவம்பர் 12
கூட்டிப் போனேன். அவளுக்கு நோய் இல்லை. அவள் டப்பாவையும் என் அலமாரியிலேயே வைத்தேன்.

சாயங்காலம் மாமியார் எட்டிப் பார்த்தார். "எதுக்குடீ ரெண்டு டப்பா?"

லிண்டிவே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நோய் முத்திருச்சு, அத்தை" என்றேன்.