மூன்றாவது விளக்கு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஓடுபாதையைக் கூட்டுகிறவளுக்கு உங்கள் சக்கரத் தடம் தெரியாதா? நீங்கள் தனியாக வந்தால் அந்தக் குட்டி விமானம் லேசில் உட்காராது. தரையை ஒட்டி வந்ததும், இறக்கை நுனியில் சுழலும் காற்றைத் தரை தடுத்துவிடும். இழுவை குறைந்து, ஓடுபாதை ஓரத்து மூன்றாவது விளக்குவரை மிதந்துகொண்டே போகும். கல்யாணமான புதிதில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். பக்கத்து சீட்டில் எடை இருந்தால் முதல் விளக்கிலேயே உட்கார்ந்துவிடும். இறங்கும் வேகத்தை நீங்கள் என்றைக்கும் மாற்றியதில்லை.

மூன்று வியாழக்கிழமைகளாகத் தடம் முதல் விளக்கருகேதான் கிடக்கிறது.

ஏன் சீக்கிரம் இறங்கியது என்று மட்டும்தான் கேட்டேன். "எதிர்காத்து பலமா அடிச்சுதுடி. நான் தனியாத்தான் போனேன்" என்றீர்கள். அன்று மாடியில் நான் காயப்போட்ட துணி அசையவே இல்லை. கூட யாராவது வந்தார்களா என்று நான் கேட்கவே இல்லையே.

வருகிற வியாழன் என் வேலை நேரத்துக்கு முன்பே வந்து நிற்பேன். மூன்றாவது விளக்குவரை மிதந்து வந்தால், சேர்ந்தே சாப்பிடலாம். முதல் விளக்கிலேயே உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக் கதவை நானே வந்து திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தடம் அறிந்தவள்