கடலடிப் படங்கள் வந்து சேர்ந்த விதம்

ஸ்கார்வோய் தீவு
வெள்ளிக்கிழமை, நவம்பர் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் தூர்தீஸ் எழுதுவது. இன்று பள்ளியில் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன், ஹோரெக் சொன்ன பொய் உட்பட. மருத்துவமனையில் இதை உங்களுக்குப் படித்துக்காட்டும் செவிலியர் யோருன் வேகமாகப் படித்தால், அசைக்க முடிகிற இடது கையைத் தூக்குங்கள். உடனே நிறுத்துவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அம்மா நலம். உங்கள் படகைக் கொட்டகைக்குள் இழுத்துக் கட்டிவிட்டாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. இரண்டு நாளாக முதுகு வலிக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

செவ்வாய்க்கிழமைதான் ஊராட்சி மன்றக் கூட்டம். சால்மன் மீன் கூண்டுகளை இரண்டு மடங்காக்கலாமா என்று அன்று முடிவு செய்கிறார்கள். கூண்டுகள் கடலடியைக் கெடுக்கின்றன என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி, அவற்றுக்கு அடியில் கோடைதோறும் நீங்கள் கயிற்றில் கேமராவை இறக்கி எடுத்த படங்கள் மட்டுமே. அவை பள்ளியின் நிலவறையில் நீங்கள் பார்த்துக்கொண்ட பழைய கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. பள்ளிக்குப் புதுக் கணினிகள் வந்துவிட்டதால், பழையதை இன்று பிற்பகல் கப்பலில் தீவுக்கு வெளியே அனுப்பவேண்டியிருந்தது. அங்கே அதில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவார்கள். தலைமையாசிரியை ரண்வெய்க் என்னிடம், "கப்பல் வர்ற வரைக்கும் எடுத்துக்கோ கண்ணு. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

பழைய கணினியில் புது வட்டு எதுவும் நுழையாது. அது பேசும் பாஷையும் வேறு. அதனால் புதுக் கணினி ஒன்றை நிலவறைக்குத் தூக்கி வந்து, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தேன். நீங்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா? கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளைக் கொண்டுவரும் எஃப்.டி.பி.யைத் தட்டி, உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்து வா என்ற கட்டளைக்குக் கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

பள்ளிப் பராமரிப்பாளர் ஹோரெக் தள்ளுவண்டியோடு இறங்கி வந்தார். "என்ன புத்தகப்புழு, இருட்டுல உக்காந்து இருட்டையே பாத்துக்கிட்டிருக்க? உங்கப்பனும் இப்படித்தான், இதுக்கு முன்னால உக்காந்தா சோறு தண்ணி மறந்துடுவான். குடும்ப வியாதி!" என்றார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் வந்து சேர்ந்த கோப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோப்புகள் வந்து முடிந்தன. உங்கள் குறிப்புகளைத் திறந்தேன். ஆழம், தேதி, காற்று எல்லாம் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தன. முடிந்தது என்று நானே ஹோரெக்கிடம் சொன்னேன். அவர் பழைய கணினியின் கம்பிகளைக் கழற்றக் குனிந்தபோது, ஒரே ஒரு படத்தைப் பார்க்கும் ஆசையில் திறந்தேன். கயிற்றில் நான் சின்ன வயதில் கட்டிய சிவப்புக் கம்பளி நூல் தெரிந்தது. அதற்குக் கீழே கடலடி இல்லை. பச்சையும் ஊதாவுமாக வெறும் கோடுகள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது திறக்கவே இல்லை.

"தொடாதீங்க!" என்று கத்தியதில் ஹோரெக்கின் தலை மேசையில் இடித்தது. "அடிப்பாவி, எனக்கு இருக்கறது ஒரே தலை!" என்றார்.

அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. இரண்டு பக்கமும் கோப்புகளின் அளவைப் பார்த்தேன். படங்கள் எல்லாம் வழியில் கொஞ்சம் பெருத்திருந்தன! குறைந்திருந்தால் ஏதோ விழுந்துவிட்டது எனலாம். எப்படிக் கூடும்? உன் நிலை என்ன என்று அந்தக் கறுப்புத் திரையையே கேட்டேன். எழுத்து முறையில் அனுப்புகிறேன் என்று பதில் சொன்னது. அப்போதுதான் புரிந்தது. பழைய கணினி வரி முடிவுக்கு ஒரு குறி வைக்கும், புதியதற்கு இரண்டு வேண்டும். அதனால் குறி வரும் இடமெல்லாம் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. குறிப்புகளுக்கு அது உதவி. படத்துக்குள் தற்செயலாக அதே குறி வரும் இடங்களிலும் சேர்த்ததால்தான் எல்லாம் சிதைந்தது.

அதற்குள் கப்பலின் ஊதல் கேட்டது. ஹோரெக் என்னைப் பார்த்தார். "எனக்கு வாரத்துல பாதி நாள் வேலை அந்தக் கூண்டுலதான். தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அவர் தள்ளுவண்டியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, குடுவையைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். மேலேயிருந்து ரண்வெய்க் கூப்பிட்டபோது, "சக்கரம் மக்கர் பண்ணுதும்மா! கப்பல்காரனைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு!" என்று கத்தினார். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை.

பைனரி என்று தட்டினேன். உள்ளதைத் தொடாமல் அப்படியே கொண்டு வா என்று அதற்கு அர்த்தம். படங்களை மட்டும் மறுபடி கேட்டேன். இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். முதல் கோடையில் நட்சத்திர மீன்களும் சிப்பிகளும் இருந்தன. போன கோடையில் வெள்ளைப் பூஞ்சை போர்த்திய சேறு மட்டும். என் சிவப்பு நூல் எல்லாப் படத்திலும் இருந்தது. ஹோரெக் என் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு மேலதான் நான் தீனி போடுறேனா?" என்றார். பிறகு வண்டியை நிமிர்த்தினார்.

அப்பா, செவ்வாய்க்கிழமை உங்கள் இடத்தில் நான் பேசப் போகிறேன். பதினான்கு வயதுப் பெண் பேச விதி இருக்கிறதா என்று ரண்வெய்க் பார்த்துவிட்டார், தடை இல்லையாம். என் குரல் நடுங்கும். மேசையில் தொலைபேசியை வைத்து, அதன் ஒலிபெருக்கியைத் திறந்துவைப்பேன். அங்கே யோருன் தொலைபேசியை உங்கள் காதருகே பிடித்துக்கொள்வார். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல முயல வேண்டாம். நடுவில் தொலைபேசியை வைத்துவிடாமல் மட்டும் இருங்கள். நீங்கள் மூச்சு விடுவது கேட்டால் எனக்குப் போதும்.

உங்கள் அன்பு மகள்,
தூர்தீஸ்

பி.கு.: இதை நிலவறையில், புதுக் கணினியின் பக்கத்தில் இருந்தே எழுதினேன். ஹோரெக் பழைய கணினியைக் கப்பலேற்றிவிட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து, "போதும்டீ, வீட்டுக்குப் போ" என்கிறார். கடைசியாக ஒரு படத்தைத் திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது. விளக்கை அணைக்கப் போகிறோம்.