ரிஸ்வானா நிக்காஹ் இருந்த டிஸ்க்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே சாரல். துணி காயவில்லை. மேலகரம் முழுக்க ஈர வாடை.

புது ஹார்டு டிஸ்க் வந்துவிட்டது. 4 டிபி. பழையதும் அதே கம்பெனி, அதே அளவு. எடிட்டிங் கம்ப்யூட்டரில் அதன் பக்கத்திலேயே மாட்டியாயிற்று. கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் தானாக வைத்த பெயர்: பழையது எஸ்டிபி, புதியது எஸ்டிசி.

செய்ய வேண்டியது: புதியதைச் சுத்தமாகத் துடைத்து ஃபார்மட், ரிஸ்வானா கல்யாண வீடியோவுக்கு இரண்டாவது காப்பி, பால், இஞ்சி.

ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர் எடுத்தது, அவர் லேப்டாப்பில். பெண்கள் பக்கம் நான் எடுத்தது, இந்தப் பழைய டிஸ்கில் மட்டும். ரிஸ்வானா உம்மா கண்டிப்பு. "நம்ம பொம்பளைங்க படம். நெட்டுல எங்கயும் ஏத்திராதம்மா. காப்பி எடுத்ததும் கேமரா கார்ட எங் கண்ணு முன்னாடியே அழிச்சிரு." அழித்தேன். எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை ரிஸ்வானா வாப்பா சவூதியிலிருந்து வருகிறார். மகள் நிக்காஹுக்கு லீவு கிடைக்கவில்லை, பாவம். ஒரு நொடிகூட வெட்டாதே என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

கரண்ட் போய்விட்டது. வந்ததும் ஃபார்மட்.

ஜூலை 9, புதன்

யா அல்லாஹ். போயே போயிற்று.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன, பழையதுதான் இப்போது எஸ்டிசி. பார்க்கவேயில்லை. எஸ்டிசி என்று அடித்தேன். 'இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, தொடரவா' என்று கேட்கத்தான் செய்தது. அடுப்பில் குக்கர் கத்துகிறது. ஆமாம் என்று தட்டிவிட்டுப் போனேன். மடச்சி. ஆஃப் ஆகி வந்தால் பெயர் மாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள்!

இன்று காலை திறந்தால் பழைய டிஸ்க் காலி.

வீட்டுக்காரர் முதலில் கத்தினார். "ஏட்டி, ஒருவாட்டி பாத்துட்டுத் தட்டுனா என்ன?" பிறகு மெதுவாக, "சரி விடு. கரண்டு போனதுல டிஸ்க்கு போயிட்டுன்னு சொல்லிருவோம்."

பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஓடுகிறது. பெயரில்லாத துண்டுகள். ஒன்றில் மருதாணிக் கை. ஒன்றில் யாரோ பிள்ளையின் செருப்பு. நீளமான வீடியோ ஒன்றுகூடத் திறக்கவில்லை.

ரிஸ்வானா போன். "அக்கா, வாப்பா பிளைட் ஏறிட்டாங்க. நாளைக்கு மொத வேலையா உங்க வீட்டுக்குத்தான் வரணும்னு சொல்லுதாங்க." சரிம்மா என்று வைத்துவிட்டேன்.



ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார்கள், ரிஸ்வானாவும் வாப்பாவும். பேரீச்சம்பழ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"கரண்டு போனதுல மாமா..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"கரண்டு இல்ல மாமா. நாந்தான் தப்பா அழிச்சிட்டேன். பொம்பளைங்க பக்கம் எடுத்தது ஒண்ணும் இல்ல."

ரிஸ்வானா அழுதுவிட்டாள். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாப்பா டப்பாவை மேஜையில் வைத்தார். அப்புறம், "எடிட் பண்ண எல்லாத்தையும் பாத்திருப்பேல்லா?"

"நாலஞ்சு வாட்டி பாத்தேன் மாமா."

"அப்போ நீ சொல்லு. சம்மதம் கேக்கும்போது எம் பிள்ள எப்படி இருந்தா?"

ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வாட்டி கேட்டாங்க மாமா. மூணு வாட்டியும் வாசலப் பாத்தா. பெறகுதான் சம்மதம்னு சொன்னா."