உப்பளத்துப் பல்கலைக்கழகம்

மரக்காணம்
14.3.2004

என் அமராவுக்கு,

சேலத்தில் வெயில் எப்படி? இங்கே மார்ச்சிலேயே பாத்திகளில் உப்பு பூத்துக் கண் கூசுகிறது. உன் வீட்டுக்காரர், குழந்தைகள் எல்லாரும் சுகம்தானே?

உப்பளத்தைத் தரச் சொல்லி நீ உன் அப்பாவிடம் பேசியது பலித்துவிட்டது. நேற்று தெய்வசிகாமணி ஐயா, சிவஞானம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உப்பு வெளஞ்ச மண்ணு சார். இனிமே படிப்பு வெளையட்டும், எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார். சார் அழுதேவிட்டார். புதுச்சேரியில் நம் இரண்டு பேருக்கும் வேதியியல் நடத்திய காலத்தில் ஒரு நாளாவது அவர் கண் கலங்கிப் பார்த்திருக்கிறாயா?

முதலில் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம் என்கிறார். நன்கொடை வாங்காத, யார் பைக்கும் லாபம் போகாத பல்கலைக்கழகம். ஓய்வு பெற்ற வயதில் அவர் பேசுவதைக் கேட்டால் நமக்கே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் உப்பளத்து ஜனங்களைக் கூப்பிட்டுப் பேசினார். வேலை போய்விடுமே என்று எல்லார் முகமும் இறுகிக் கிடந்தது. சார் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். “வேலை போற ஒவ்வொரு வீட்லேர்ந்தும் ஒரு புள்ளைக்கு இங்க எடம். ஃபீஸ் கெடையாது. பெரியவங்களுக்கு இங்கயே வேலை. இது என் வாக்கு” என்றார். என் அண்ணன் சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். “மேரி, நீ சொல்லு. நம்பலாமா?” “நம்பலாம்ணே” என்றேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். சாருக்கு அலுவலகம் பார்க்கப் போகிறேன். திட்டாதே.

உன்
மேரி

சேலம்
2.4.2004

அடியே மேரி,

திட்டத்தான் போகிறேன். நிரந்தர வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டாயா? போன் செய்தால் நான் கத்துவேன் என்று தெரிந்துதானே கடிதம் எழுதினாய்! சரி, போ. நீ சந்தோஷமாக எழுதி எத்தனை காலம் ஆகிறது.

அப்பாவைப் பெரிய மனதுக்காரர் என்று நினைக்காதே. உப்பு விலை விழுந்து, பார்த்துக்கொள்ள ஆண் பிள்ளையும் இல்லாமல் அலுத்துப்போயிருந்தார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

ஒன்று மட்டும் மனதில் வை. வாக்குக் கொடுத்தது சார். ஆனால் அவர்கள் நம்பியது உன்னை. உன் அண்ணன் சாரின் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தார்.

சவரிமுத்து அண்ணன் மகள் சந்தியா இப்போது பிளஸ் டூவுக்குப் போகிறாளா? அவள் உங்கள் கல்லூரிக்கு வரும் நாளில் எனக்கு எழுது. புடவை எடுத்து அனுப்ப வேண்டும். சுடிதார்தான் வேண்டும் என்பாளோ என்னவோ.

உன்
அமரா

மரக்காணம்
11.1.2005

அன்புள்ள அமரா,

உயிரோடு இருக்கிறேன். நீ விசாரித்ததாக ஐயா சொன்னார்.

ஜூலையில் கல்லூரி திறந்ததை எழுத வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வகுப்பு, மழை பெய்தால் வாத்தியார் சொல்வது கேட்காது. அண்ணனுக்கு வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். அதையெல்லாம் சிரித்துச் சிரித்து எழுதலாம் என்றிருந்தேன். இப்போது அலையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தோம். குப்பத்து ஜனங்கள் சாலையை நோக்கி ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று சொல்லக்கூட அவர்களுக்கு மூச்சில்லை. அண்ணன் போய்க் கல்லூரிக் கேட்டைத் திறந்தான். சாரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு, பிறகுதான் என்னிடம் வந்து, “தொறந்துட்டேன் மேரி. தப்பா?” என்றான். வகுப்பறை பூராவும் ஜனம். அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். மடியில் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு எப்படிக் கஞ்சி ஊற்றுவது, சொல்.

இப்போது தினமும் யாராவது வருகிறார்கள். சென்னைக் கம்பெனிக்காரர்கள், ஆரோவில்லிலிருந்து வெள்ளைக்காரர்கள். எல்லாரும் நம் கொட்டகையைப் பார்த்து, கட்டடம் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். மிச்சமிருந்த பாத்திகளும் சேறு மூடிப் போய்விட்டதால் உங்கள் அப்பா அவற்றையும் கல்லூரி அறக்கட்டளைக்கே எழுதிவிட்டார். சார் சொல்கிறார், “பத்து வருஷத்துல ஆகுறது ரெண்டு வருஷத்துல ஆகப்போகுது மேரி.” எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

உன்
மேரி

சேலம்
20.2.2005

என் மேரிக்கு,

உன் கடிதத்தை இவரும் படித்தார். உன் அண்ணன் கேட்டைத் திறந்ததைச் சின்னவனிடம் கதையாகச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. சந்தியாவுக்குப் பரீட்சை வருகிறது. இந்தக் கலவரத்தில் படிக்கிறாளா?

உன்
அமரா

மரக்காணம்
17.8.2005

அன்புள்ள அமரா,

அலுவலகத் தாளில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீட்டுக்குப் போனால் எழுத முடிவதில்லை. என்னைப் பதிவாளர் ஆக்கியிருக்கிறார்கள். உப்பு வாரியவள் மகள், பதிவாளர்! அம்மாவிடம் சொன்னேன். “அது என்ன வேலை?” என்றாள். “எல்லாக் காகிதத்துலயும் கடைசியா நான் கையெழுத்துப் போடணும்மா” என்றேன்.

நீ வந்தால் அடையாளம் தெரியாது. நான்கு மாடிக் கட்டடம், ஏசி போட்ட அரங்கம், புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ். நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். டில்லியிலிருந்து குழு வரப்போகிறது.

சந்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல மதிப்பெண். ஆனால் குழு வரும் நேரத்தில் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளை நேராக வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று சார் நினைக்கிறார். ஒரு வருடம் அடித்தள வகுப்பு, அடுத்த வருடம் சேர்க்கை. உப்பளத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். அதுவரை அவள் லேபில் பாட்டில் கழுவ உதவுகிறாள். சம்பளம் உண்டு.

வாசலுக்கு செக்யூரிட்டி ஏஜென்சி வந்திருக்கிறது. அண்ணனைத் தோட்டத்துக்கு மாற்றியிருக்கிறோம். கொஞ்சம் முகம் வாடியிருக்கிறான். சரியாகிவிடும்.

மேரிசெல்வி

சேலம்
4.9.2005

மேரி,

பதிவாளர் ஆனதற்கு வாழ்த்து. நிஜமாகவே பெருமையாக இருக்கிறது. உன் அம்மா கேட்ட கேள்வியைப் படித்துச் சிரித்தேன், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். இடம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைப் பாட்டில் கழுவ வைத்திருக்கிறீர்கள். அலை வந்த அன்று கேட்டைத் திறந்தவரையே கேட்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். “சரியாகிவிடும்” என்கிறாய். யாருக்கு?

நீயும் நானும் கல்லூரியில் சேர்ந்தபோது உனக்கு மட்டும் என்ன ஆங்கிலம் தெரிந்திருந்தது? ‘மே ஐ கம் இன்’ சொல்ல வராமல் வாசலிலேயே நின்றாயே. அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவரும் இதே சார்தானே?

சாரிடம் பேசு. உன் பேச்சைக் கேட்பார்.

அமரா

மரக்காணம்
22.5.2006

அன்புள்ள அமராவதிக்கு,

அந்தஸ்து கிடைத்துவிட்டது. இனி நாம் பல்கலைக்கழகம். அடுத்த மாதம் விழா. அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. நிலம் தந்த குடும்பம் என்பதால் உனக்கு முன்வரிசையில் இருக்கை.

உன் போன கடிதத்துக்கு வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். இந்த வருடம் முதல் அகில இந்திய நுழைவுத் தேர்வு. சந்தியா எழுதினாள், தேறவில்லை. உப்பளத்துப் பிள்ளைகள் யாருமே தேறவில்லை. சாரிடம் பேசினேன். “வாக்க நான் மறக்கல மேரி. தேறி வர்ற புள்ளைக்கு இன்னிக்கும் ஃபீஸ் கெடையாது. நிறுவனம் நிலைச்சாத்தான் வாக்கும் நிலைக்கும்” என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. விதியை மீறிச் சேர்த்தால் அந்தஸ்து போகும். அது போனால் படிக்கிற அத்தனை பிள்ளைகளின் பட்டமும் கேள்விக்குறி.

இங்கே யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை, அமரா. சார் இன்னும் அதே பழைய ஸ்கூட்டரில்தான் வருகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் பாத்தியில் என் அம்மா கால் வெடித்து ரத்தம் கசிய நின்றபோது நீ பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசினீர்களா? நிலத்தைக் கொடுத்த பிறகு வந்த இரக்கம் சுலபமானது.

விழாவுக்கு வா.

மேரிசெல்வி

மரக்காணம்
25.6.2006

மேரி,

உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அப்பா வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தேன். விழாவுக்கு வரவில்லை.

நீ என் குடும்பத்தைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். உன் அம்மாவின் காலை நான் தினமும் பார்த்தேன், கேட்டதில்லை. அந்தப் பாவம் எங்களுடையது. ஆனால் அதைச் சொல்லி நீ இதைக் கழித்துவிட முடியாது.

விழா அன்று காலை உங்கள் வாசலில் உப்பளத்து ஜனங்கள் உட்கார்ந்திருந்ததை எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன். கூச்சல் இல்லை. பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உன் கார் டீக்கடையை ஒட்டி வந்து நின்றது. சவரிமுத்து அண்ணன் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“மேரி, கண்ணாடிய எறக்கு.”

நீ பாதி இறக்கினாய். “அண்ணே, எல்லாரும் வர்ற நேரம். நாளைக்கு ஆபீஸ்ல வந்து மனு குடுங்க.”

“மனுவா? ஒங்கிட்டயா? நம்பலாம்னு சொன்னது நீதானம்மா. அது மனு குடுத்தா வாங்குனோம்?”

நீ கண்ணாடியை ஏற்றினாய். ஏற்றுவதற்கு முன் என்னையும் பார்த்தாய். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. அண்ணனையும் இன்னும் சிலரையும் ஏற்றினார்கள். புகார் கொடுத்தது யார் என்று நின்றிருந்த போலீஸ்காரரைக் கேட்டேன். “ரெஜிஸ்ட்ரார் மேடம்” என்றார்.

உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது ரோடு வரைக்கும் கேட்டது. வேனில் இருந்த உன் அண்ணன் அதற்கும் எழுந்து நின்றார், மேரி.

அமராவதி

மரக்காணம்
12.11.2006

என் அமரா,

நான் முதலில் எழுத மாட்டேன் என்று இத்தனை மாதம் வைராக்கியமாக இருந்தேன். முடியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போனேன். அண்ணன் குடும்பமும் அம்மாவும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும் சண்டை போடவில்லை, ஏசவில்லை. எழுந்து தள்ளி நின்றுகொண்டு எனக்கு வழி விட்டார்கள். “சந்தியா எங்க அண்ணி?” என்றேன். என்னை ‘ஏய் மேரி’ என்று கூப்பிட்ட அண்ணி, “மேடத்துக்கு எதுக்குங்க அந்தக் கவலை?” என்றாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி சாரிடம் கெஞ்சினேன். “அது நிறுவனத்தோட புகார்மா. ஒன்னோடது இல்ல” என்கிறார். அந்தக் கையெழுத்து என்னுடையது. ராஜினாமா செய்யலாம் என்றால், எனக்குப் பதில் வருகிறவருக்கு இங்கே உப்பளம் இருந்தது என்பதே தெரியாது. இருந்தால் அடுத்த வருடமாவது நம் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேரை உள்ளே கொண்டுவரப் பார்ப்பேன். இதை நான் நிஜமாகவே நம்புகிறேனா, நாற்காலிக்காகச் சொல்லிக்கொள்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சந்தியா குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை பார்ப்பதாகச் சிலர் சொன்னார்கள். போய்க் கேட்டேன், இல்லை. உனக்கு ஏதாவது தெரியுமா? கிறிஸ்துமஸ் விடுமுறையில் சேலம் வந்து உன்னோடு இரண்டு நாள் இருக்கட்டுமா? இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

உன்
மேரி

சேலம்
3.12.2006

மேரி,

சந்தியா இங்கேதான் இருக்கிறாள். ஜூலையில் வந்தாள். இங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்திருக்கிறோம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நீ ஊர் ஊராகத் தேடக் கூடாது என்றுதான் அதை மீறுகிறேன்.

பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நான் எழுந்திருக்கும் முன்பே பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். வேண்டாம் என்றால், “சும்மா இருந்தா ஒரு மாதிரியா இருக்குதுக்கா” என்கிறாள். எங்கள் வீட்டில் உங்கள் வீட்டார் வேலை செய்வது இன்னும் நிற்கவில்லை.

நீ வருவதைப் பற்றி: இந்த விடுமுறைக்கு வேண்டாம், மேரி. அடுத்ததற்கும் என்னால் வா என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கு இப்போது இருப்பது இந்த ஒரு வீடுதான்.

உன் கடிதம் வந்தபோது வாசலில் வாங்கியவள் அவள்தான். உறையில் பல்கலைக்கழக முத்திரை. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது ரெஜிஸ்ட்ரார் எழுதியிருக்காங்களா, எங்க அத்தை எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள்.



அமராவதி